ஜப்பான் பென்ஷன் திவாலாகுமா? சம்பளச் சீட்டைப் பார்த்துப் பயந்தவருக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். டோக்கியோவுக்கு ஐ.டி. வேலைக்கு வந்து சில மாதங்களே ஆன ஒருவர், சம்பளச் சீட்டில் 'கோசெய் நென்கின்' (ஊழியர் பென்ஷன்) என்ற பெயரில் மாதாமாதம் பெரிய தொகை பிடிபடுவதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: "இந்த நாட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் முதியவர். குழந்தையே பிறப்பதில்லை. நமக்கு வயதாகும்போது இந்தத் திட்டமே இருக்காது என்று ஆபீசில் ஜப்பானியர்களே சொல்கிறார்கள். அப்படியென்றால் நான் கட்டுகிற பணம் போனதுதானா?"

திட்டம் இருக்கும். திவாலாக வழியில்லாதபடிதான் 2004-இல் அதைத் திருத்தி எழுதினார்கள். அதற்கு என்ன விலை, அதை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் பேச வேண்டிய விஷயம். உங்கள் சொந்தப் பணத்துக்கு என்ன வழி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் நடுவில் இருப்பதைப் படிக்காமல் அங்கே தாவினால் தப்பான முடிவெடுக்க வாய்ப்புண்டு.

முதலில் அந்தச் சீட்டையே பார்ப்போம். சம்பளம் 3 லட்சம் யென் என்று வைத்துக்கொள்ளுங்கள். பென்ஷனுக்கு மொத்தம் 18.3 சதவீதம், அதில் பாதி உங்களுடையது, 27,450 யென். மறுபாதியைக் கம்பெனி கட்டுகிறது. மருத்துவக் காப்பீட்டுக்கு உங்கள் பங்கு ஏறக்குறைய 15,000 யென். உங்களுக்கு 40 வயதானால் இன்னொரு வரி முளைக்கும்: 'காய்கோ ஹோக்கென்', முதியோர் பராமரிப்புக் காப்பீடு, இன்னும் 2,400 யென் போல. நம்மூர் பி.எஃப். மாதிரி இது உங்கள் பெயரில் ஒரு கணக்கில் வட்டியோடு சேரும் பணம் இல்லை. நீங்கள் கட்டுவதில் பெரும்பகுதி உடனே இன்றைய முதியவர்களுக்குப் போய்விடுகிறது. பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று இரட்டைப்படை மாதங்களில் 15-ஆம் தேதி அவர்கள் கணக்கில் பென்ஷன் ஏறும். அன்றைக்கு ஏடிஎம் வாசலில் நிற்கும் வரிசையையும், சில சூப்பர் மார்க்கெட்டுகள் அந்த நாளுக்கென்றே போடும் தள்ளுபடியையும் கவனித்துப் பாருங்கள். உங்கள் பிடித்தம் போய்ச் சேரும் இடம் அதுதான்.

ஆக, கட்டுகிறவர் எத்தனை பேர், வாங்குகிறவர் எத்தனை பேர் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. 1965-இல் 65 வயதைத் தாண்டிய ஒருவருக்கு 20 முதல் 64 வயது வரையுள்ளவர்கள் 9 பேர் இருந்தார்கள். 2012-இல் அது 2.4. 2050 வாக்கில் 1.2 ஆகும் என்பது கணிப்பு. ஜப்பான் அரசு இதை விளக்க ஒரு படம் வைத்திருக்கிறது. முதலில் ஒரு கூட்டமே சேர்ந்து ஒருவரைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறது. அடுத்து மூன்று பேர் ஒருவரைச் சுமக்கிறார்கள். கடைசியில் ஒருவர் தோளில் ஒருவர். பள்ளிப் பாடத்திலேயே இதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் உங்கள் ஆபீசில் "எல்லாம் போச்சு" என்று சொல்பவர்கள்.

எனக்கு அந்தப் படத்தின் மேல் ஒரு புகார் உண்டு. 65 ஆன நாளிலிருந்து எல்லோரும் சுமை, அதுவரை எல்லோரும் சுமப்பவர் என்று அது வைத்துக்கொள்கிறது. நிஜத்தில் 65-69 வயதினரில் பாதிக்கு மேல் வேலை பார்க்கிறார்கள். சாலையில் பள்ளம் தோண்டும் இடத்தில் சிவப்புத் தடியை ஆட்டிப் போக்குவரத்தை ஒதுக்குபவர், டாக்சி ஓட்டுபவர், முதியோருக்குச் சின்னச் சின்ன வேலை பிடித்துத் தரும் 'சில்வர் ஜின்ஸாய் சென்டர்' வழியாகச் சைக்கிள் நிறுத்தத்தைப் பார்த்துக்கொள்பவர், வேலிச்செடி வெட்டுபவர் என்று எங்கு திரும்பினாலும் எழுபது வயதுக்காரர்கள். அந்தப் பழைய நாளில் வீட்டில் இருந்த பெண்களும் இன்று பெருமளவில் வேலைக்குப் போகிறார்கள். வேலை செய்யும் ஒருவருக்கு வேலை செய்யாதவர் எத்தனை பேர் என்று கணக்குப் போட்டால், நிலைமை அந்தப் படம் காட்டும் அளவுக்குக் கவிழ்ந்துவிடவில்லை.

சரி, அதற்காக எல்லாம் சுகம் என்றும் இல்லை. பிரச்சினை வந்த வேகத்தைப் பாருங்கள். மக்கள்தொகையில் முதியோர் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 ஆக பிரான்சுக்கு 115 ஆண்டு பிடித்தது. ஜப்பானுக்கு 1970 முதல் 1994 வரை, 24 ஆண்டுதான். 2024-இல் 29 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. போருக்குப் பின் 1947 முதல் 1949 வரை மூன்றே ஆண்டுகளில் சுமார் 80 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அவர்கள் எல்லோரும் இப்போது 75-ஐத் தாண்டிவிட்டார்கள். 2024-இல் பிறந்த ஜப்பானியக் குழந்தைகள் 7 லட்சம்கூட இல்லை.

அந்த வேகத்தை யாரும் எதிர்பார்க்காத காலத்தில் கொடுத்த வாக்குறுதிகள்தான் இன்றைய தலைவலி. 1961-இல் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு, எல்லோருக்கும் பென்ஷன் என்று கொண்டுவந்தார்கள். பொருளாதாரம் பறந்துகொண்டிருந்த காலம். 1973-ஐ 'நலத்திட்டத்தின் முதல் ஆண்டு' என்றே அறிவித்து, பென்ஷன் தொகையை உயர்த்தி, அதை விலைவாசியோடு சேர்ந்து ஏறும்படி செய்து, 70 வயதானவர்களுக்கு மருத்துவம் முழுவதும் இலவசம் என்றும் ஆக்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறைகள் முதியவர்களின் அரட்டை மடம் ஆகிவிட்டதாகக் கேலி கிளம்பியது. "இன்னிக்கு அவரைக் காணோமே, உடம்பு சரியில்லையோ?" என்று ஒரு பாட்டி இன்னொரு பாட்டியை ஆஸ்பத்திரியில் கேட்பதாக ஒரு பழைய ஜோக் உண்டு. கொடுத்ததைத் திரும்ப வாங்கப் பத்து ஆண்டு ஆனது. 1983-இல்தான் சின்னக் கட்டணம் ஒன்றை வைக்க முடிந்தது. இன்று 75 தாண்டியவர்கள் வருமானத்தைப் பொறுத்து 10, 20 அல்லது 30 சதவீதம் கட்டுகிறார்கள்.

இப்போது 2004-க்கு வருவோம். கொய்சுமி பிரதமராக இருந்தபோது செய்த மாற்றம் அது. அதுவரை இருந்த வழக்கம்: முதியோருக்கு இவ்வளவு தர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ப உழைப்பவர்களின் பிடித்தத்தை ஏற்றிக்கொண்டே போவது. 2004-இல் அதைத் தலைகீழாக்கினார்கள். பிடித்தம் 2017-இல் 18.3 சதவீதத்தோடு நின்றுவிடும், அதற்கு மேல் ஏறாது. வரும் பணம் இவ்வளவுதான் என்று ஆன பிறகு, அதற்குள் அடங்கும்படி பென்ஷன் தன்னைத்தானே சுருக்கிக்கொள்ளும். அடிப்படை பென்ஷனில் அரசின் பங்கை மூன்றில் ஒன்றிலிருந்து பாதியாக உயர்த்தினார்கள். கையிருப்பு நிதியைச் சுமார் நூறு ஆண்டுக்குப் பரப்பிச் செலவிடுவது என்றும் திட்டம். ஜிபிஐஎஃப் என்ற அமைப்பு நிர்வகிக்கும் அந்த நிதி 2025 மார்ச் இறுதியில் சுமார் 250 லட்சம் கோடி யென், உலகத்தின் மிகப் பெரிய பென்ஷன் நிதிகளில் ஒன்று. நாளையிலிருந்து யாரும் ஒரு யென்கூடக் கட்டவில்லை என்றாலும் நான்கைந்து ஆண்டுக்கு ஓடும். 'திவால்' என்ற பேச்சு எடுபடாததற்குக் காரணம் இதெல்லாம்தான்.

சுருக்கும் அந்த ஏற்பாட்டை 'மேக்ரோ ஸ்லைட்' என்கிறார்கள். பெயர்தான் மிரட்டும், வேலை எளிது. விலையும் சம்பளமும் ஏறும்போது பென்ஷனும் ஏறும். ஆனால் கட்டுவோர் எண்ணிக்கை குறைவதையும் ஆயுள் கூடுவதையும் கணக்கிட்டு அந்த ஏற்றத்தில் கொஞ்சம் வெட்டுவார்கள். 2025-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். விலைவாசி 2.7 சதவீதம் ஏறியிருந்தது. கணக்கில் எடுத்த சம்பள உயர்வு 2.3. அதில் 0.4 வெட்டி, பென்ஷனை 1.9 சதவீதம் உயர்த்தினார்கள். வாங்கும் முதியவரின் பாஸ்புக்கில் தொகை கூடித்தான் இருக்கிறது. அரிசி வாங்கப் போனால்தான் குறைந்திருப்பது தெரியும். அரசியல்வாதிகளுக்கு இது எவ்வளவு வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் நாடாளுமன்றத்தில் "பென்ஷனைக் குறைக்கலாமா" என்று வாக்கெடுக்க வேண்டாம், சூத்திரமே பார்த்துக்கொள்ளும்.

ஆனால் சூத்திரத்தில் ஓர் ஓட்டை இருந்தது, அதுதான் இன்றைய இளைஞர்களைக் கடிக்கிறது. ஏற்றத்தில்தான் வெட்டலாம், விலையும் சம்பளமும் ஏறாத ஆண்டில் வெட்டக் கூடாது என்று விதி. ஜப்பானில் பல ஆண்டுகள் விலை ஏறவே இல்லை, இறங்கியது. எனவே 2004-இல் செய்த ஏற்பாடு முதன்முதலாக வேலை செய்ததே 2015-இல்தான். பதினோரு ஆண்டு அது தூங்கியது. அந்தக் காலம் முழுவதும் அப்போதைய முதியவர்கள் திட்டமிட்டதைவிடத் தாராளமாக வாங்கினார்கள். மிச்சப்படாத அந்தப் பணத்தை எங்கிருந்தாவது எடுக்க வேண்டுமே? வெட்டும் காலத்தை நீட்டினார்கள். 2023-இல் முடிய வேண்டிய வெட்டு, அடிப்படை பென்ஷன் விஷயத்தில் 2057 வரை போகும் என்று 2024-இல் செய்த மறுகணக்கு சொல்கிறது (பொருளாதாரம் கடந்த 30 ஆண்டு மாதிரியே தொடர்ந்தால்). தங்கள் பங்கைக் கொடுக்காமல் போனவர்கள் ஒரு தலைமுறை, கொடுக்கப் போவது அடுத்த தலைமுறை.

வெட்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி விழுவதுமில்லை. ஜப்பான் பென்ஷன் இரண்டு மாடி. கீழ்த்தளம் எல்லோருக்கும் ஒரே அளவான அடிப்படை பென்ஷன். மேல்தளம் கம்பெனி ஊழியர்களுக்கு மட்டும், சம்பளத்துக்கு ஏற்றபடி. கணவன் ஊழியர், மனைவி இல்லத்தரசி என்ற 'மாதிரிக் குடும்பத்துக்கு' 2024-இல் கிடைத்தது, உழைப்பவர்களின் சராசரிக் கைச்சம்பளத்தில் 61.2 சதவீதம்: கீழ்த்தளம் 36.2, மேல்தளம் 25. அதே கணக்கில் 2057-இல் மொத்தம் 50.4. மேல்தளம் 24.9 என்று அப்படியே நிற்கிறது. கீழ்த்தளம்தான் 25.5 ஆகச் சரிகிறது, கிட்டத்தட்ட 30 சதவீத வெட்டு. சட்டத்தில் எழுதிய 50 சதவீத எல்லையை நூலிழையில் தாண்டுகிறது என்பதால் "வாக்கைக் காப்பாற்றிவிட்டோம்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

கீழ்த்தளத்தை மட்டும் நம்பியிருப்பவர் யார்? பெட்டிக்கடைக்காரர், விவசாயி, பகுதிநேர வேலை பார்த்தவர். அப்புறம், 1990-களின் நடுவிலிருந்து பத்தாண்டு போலப் படிப்பு முடித்து நிரந்தர வேலை கிடைக்காமல் போன 'பனியுகத் தலைமுறை'. இன்று அவர்களுக்கு வயது நாற்பதின் நடுவிலிருந்து ஐம்பதின் நடுவரை. 40 ஆண்டு ஒரு மாதம்கூட விடாமல் கட்டினாலும் 2025 கணக்கில் அடிப்படை பென்ஷன் மாதம் 69,308 யென். டோக்கியோவில் ஓர் அறை வாடகைக்கு அது சரியாகப் போகும். இதிலும் 30 சதவீதம் குறைந்தால்? அரசின் கடைசிக்கட்ட உதவித்தொகை வாங்கும் குடும்பங்களில் ஏற்கெனவே பாதிக்கு மேல் முதியோர் குடும்பங்கள். பென்ஷன் திட்டத்தில் மிச்சம் பிடிப்பது இன்னொரு கதவு வழியாக வரிப்பணத்தில் வெளியே போகும். என்னைக் கேட்டால், 'திவாலாகுமா?' என்ற கேள்வியைவிட இதுதான் பெரிய கேள்வி. 2025 ஜூனில் நிறைவேறிய சட்டம் பகுதிநேர ஊழியர்களை மேல்தளத்துக்குள் படிப்படியாகக் கொண்டுவருகிறது, அது நல்லது. கீழ்த்தளத்தைத் தூக்கி நிறுத்தும் வேலையை மட்டும் 2029-இல் வரும் அடுத்த மறுகணக்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிட்டார்கள்.

இந்தச் சிக்கனம் எதுவரை போகிறது என்பதற்கு ஒரு சின்ன விஷயம். நூறு வயதை எட்டுபவர்களுக்குப் பிரதமர் பெயரில் வெள்ளிச் சாக்கே கிண்ணம் பரிசாகத் தரும் வழக்கம் 1963-இல் தொடங்கியது. அப்போது நாடு முழுவதும் நூறு வயதுக்காரர்கள் 153 பேர். 2024-இல் 95,119 பேர். வெள்ளி கட்டுப்படியாகவில்லை, 2009-இல் கிண்ணத்தின் அளவு சிறுத்தது, 2016 முதல் வெள்ளி முலாம்தான்.

பணத்தைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், ஜப்பானை மெய்யாகவே திணறடிப்பது பணம் இல்லை, ஆள். பராமரிப்புப் பக்கம் போனால் இது தெரியும். முன்பு வயதான மாமியாரை மருமகள் பார்த்துக்கொள்வாள் என்பது எழுதாத சட்டம். முடியாத வீட்டார் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுவார்கள். நோய் இல்லாமலே மாதக்கணக்கில் கட்டிலில் கிடப்பார்கள். இதை மாற்றத்தான் 2000-இல் பராமரிப்புக் காப்பீடு வந்தது. முதியவருக்கு உதவி தேவை என்று விண்ணப்பித்தால் நகராட்சியிலிருந்து ஆள் வீட்டுக்கு வருவார். 74 விஷயங்களைப் பார்ப்பார்: ஒற்றைக் காலில் நிற்க முடிகிறதா, நகம் வெட்டிக்கொள்கிறாரா, பிறந்த தேதி சொல்கிறாரா, இப்போது என்ன பருவம் என்று தெரிகிறதா. அதோடு டாக்டரின் குறிப்பையும் சேர்த்து ஏழு படிகளில் ஒன்றில் வைப்பார்கள். படிக்கேற்றபடி குளிப்பாட்ட, சமைக்க, பகல்நேர நிலையத்துக்கு அழைத்துப்போக உதவி கிடைக்கும். செலவில் பெரும்பாலோர் கட்டுவது பத்தில் ஒரு பங்குதான். அதிகாரி கேட்கும்போது மட்டும் பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்து "எல்லாம் நானே செய்வேன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட, மகள் பின்னாலிருந்து கையைப் பிசைவாள். இந்தக் கதை இல்லாத தெரு இங்கே இருக்காது.

திட்டம் நன்றாக ஓடியதாலேயே செலவு ஏறியது. 65 தாண்டியவர்கள் கட்டும் சந்தா தொடக்கத்தில் சராசரி மாதம் 2,911 யென், இப்போது 6,225. அதையாவது ஏற்றலாம். வீட்டுக்கு வந்து குளிப்பாட்டும் ஹெல்பரை எங்கிருந்து ஏற்றுவது? 2022-இல் பராமரிப்பு ஊழியர்கள் சுமார் 21.5 லட்சம். 2040-இல் 27.2 லட்சம் பேர் தேவை என்கிறது அமைச்சகம். வேலைக்கு ஏற்ற சம்பளம் இல்லை என்று இருப்பவர்களே போகிறார்கள். இந்த லட்சணத்தில் 2024-இல் வீட்டுப் பராமரிப்புக்கு அரசு தரும் அடிப்படைக் கட்டணத்தைக் குறைத்தார்கள். அதே ஆண்டு திவாலான பராமரிப்பு நிறுவனங்களின் எண்ணிக்கை அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டது. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேர் வேலையை விடுகிறார்கள். அவர்களில் பலர் ஐம்பதுகளில் இருப்பவர்கள். வேலையை விட்டால் பிடித்தமும் நிற்கும், நாளைக்கு அவர்களுடைய பென்ஷனும் குறையும்.

வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது 2008-இல் இந்தோனேசியாவோடு ஆரம்பித்து, பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று விரிந்தது. 2019-இல் புதிய விசா வந்தது. இந்தியாவோடும் 2021-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜப்பானிய மொழியைக் கற்று, அரசுத் தேர்வு எழுதி, இவ்வளவு செய்து வருபவர்களுக்கு யென் மதிப்பு சரிந்த பிறகு இந்தச் சம்பளம் பெரிதாகத் தெரியவில்லை என்பதும் உண்மை. வேறு நாடுகளும் அவர்களைத்தான் தேடுகின்றன.

இப்போது உங்கள் பணம். உங்களை இந்தியக் கம்பெனி இங்கே அனுப்பியிருக்கிறதா, ஜப்பான் கம்பெனி நேரடியாக எடுத்ததா என்று முதலில் பாருங்கள். இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அனுப்பப்பட்டவராக இருந்து, ஊரில் பி.எஃப். தொடர்ந்து கட்டப்பட்டு, அந்த அலுவலகத்தின் சான்றிதழும் இருந்தால் 5 ஆண்டு வரை இங்கே பென்ஷன் பிடிக்க வேண்டியதே இல்லை. நேரடியாகச் சேர்ந்தவர் என்றால் தப்ப முடியாது.

பத்து ஆண்டுக்குள் ஊர் திரும்பினால் உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, ஒட்டுமொத்தமாகத் திரும்பப் பெறுவது. குறைந்தது 6 மாதம் கட்டியிருக்க வேண்டும். நாட்டை விட்டுப் போன 2 ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கிடைப்பது ஏறக்குறைய உங்கள் பாதி மட்டும். கம்பெனி கட்டிய பாதி இங்கேயே நின்றுவிடும். அதுவும் 5 ஆண்டுக் கட்டணம் வரைதான் கணக்கு. 2025 சட்டம் இதை 8 ஆண்டாக உயர்த்த வழி செய்திருக்கிறது. 20.42 சதவீத வரி பிடித்துத் தருவார்கள். கிளம்பும் முன்பே வரி அலுவலகத்தில் இங்குள்ள ஒருவரை உங்கள் பிரதிநிதியாகப் பதிந்துவிட்டுப் போனால் அதைத் திரும்பக் கோரலாம். பலர் இந்த ஒரு படிவத்தை மறந்து காசை விடுகிறார்கள்.

இன்னொன்று, வாங்காமல் விட்டுவிடுவது. ஜப்பான் பென்ஷனுக்குக் குறைந்தது 10 ஆண்டு கட்டியிருக்க வேண்டும். 2017 வரை அது 25 ஆண்டாக இருந்தது. ஒப்பந்தப்படி இந்தியாவில் கட்டிய காலத்தையும் சேர்த்து அந்தப் பத்தைக் காட்டலாம். ஒட்டுமொத்தமாக வாங்கிவிட்டால் இங்கே கட்டிய காலம் அழிந்துபோகும், பிறகு கூட்ட முடியாது. நீங்கள் இருப்பது மேல்தளத்திலும் சேர்த்து என்பதை நினைவில் வையுங்கள். பெரிய வெட்டு விழுவது கீழ்த்தளத்தில். ஐந்து ஆண்டுக்குள் திரும்புவது உறுதி, ஊரில் வீட்டுக் கடன் இருக்கிறது என்றால் வாங்கிவிடுங்கள். எட்டு, ஒன்பது ஆண்டு ஆகிவிட்டது, ஊரிலும் பி.எஃப். ஓடியிருக்கிறது என்றால் நான் விட்டுவைப்பேன். இங்கேயே தங்கிவிடுவதாக இருந்தால் 65-இல் வாங்காமல் 70 வரை தள்ளிப்போட்டால் 42 சதவீதம் கூடும், 75 வரை போட்டால் 84 சதவீதம்.

எந்த வழியானாலும் பென்ஷன் எண் எழுதிய தாளையும் பழைய சம்பளச் சீட்டுகளையும் தூக்கிப் போடாதீர்கள். 2007-இல் யாருடையது என்றே தெரியாத சுமார் 5 கோடிப் பென்ஷன் பதிவுகள் கிடப்பது வெளியே வந்து, ஆளும் கட்சி அந்த ஆண்டு மேலவைத் தேர்தலில் தோற்றது, பென்ஷன் பதிவுகளைக் கவனித்துவந்த துறையையே பின்னால் கலைத்தார்கள். பெயரை எழுதியதில் பிழை, வேலை மாறும்போது புது எண் என்று காரணங்கள் சாதாரணமானவைதான். வெளிநாட்டுப் பெயர்களை எழுதும் ஜப்பானிய எழுத்தான கட்டகானாவில் நம் பெயரை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக எழுதும். வேலை மாறினால் புதிய இடத்தில் உங்கள் பெயரும் எண்ணும் பழையபடியே பதிவாகியிருக்கிறதா என்று முதல் மாதமே கேட்டுவிடுங்கள்.